சிநேகிதரைப் பார்க்கப் போகும் வழி

அவிநாசிக்கு வருகிறவர்கள் முதலைவாய்ப் பிள்ளையின் கதையைக் கேட்காமல் திரும்புவது அரிது. குளத்தில் முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் செய்தி. சேர்ந்து குளிக்கப் போன ஐந்து வயதுச் சிறுவர் இருவரில் ஒருவன் பிழைத்தான், ஒருவன் போய்விட்டான். காலம் கடந்து, பிழைத்தவன் வீட்டில் பூணூல் கல்யாணம் நடக்கிறது. எதிர்வீட்டிலோ பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அழுகிறார்கள். மங்கல ஓசையையும் அழுகுரலையும் ஒரே தெருவில் கேட்ட சுந்தரர் நின்று விசாரித்தார் என்று சேக்கிழார் காட்டுகிறார். கேட்கிறவர் மனம் அந்தக் குழந்தையின் மேலேயே தங்கிவிடும். சோழநாட்டுத் திருவாரூரில் வாழ்ந்த சுந்தரர் எதற்காகக் கொங்குநாட்டுக்கு வந்தார் என்று கேட்கிறவர்கள் குறைவு.

அவர் சிநேகிதரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

அந்தச் சிநேகிதர் கொடுங்கோளூரில் இருந்து ஆண்ட சேரமான் பெருமாள். இருவருக்கும் பழக்கம் உண்டான விதம், படிக்கும் பழக்கம் உள்ள யாருக்கும் உடனே புரியக்கூடியது. சேரமான் நாள்தோறும் பூசை முடிக்கும்போது தில்லைக் கூத்தனின் சிலம்பொலி கேட்கும். ஒருநாள் அது கேட்கவில்லை. பூசையில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்று கலங்கிய அரசர் வாளை உருவி உயிரையே விடத் துணிந்தார். அப்போதுதான் ஒலி கேட்டது. தில்லையில் சுந்தரன் பாடிய பாட்டில் ஆழ்ந்திருந்தோம், அதனால் தாமதமாயிற்று என்று இறைவன் சொன்னதாகக் கதை. கடவுளையே நேரம் மறக்கச் செய்த பாட்டைப் பாடியவர் யார் என்று பார்த்தே தீர வேண்டும் என அரசர் தம் ஊரைவிட்டுப் புறப்பட்டார். தில்லை வழியாகத் திருவாரூர் வந்து சேர்ந்தார். ஒருவரை ஒருவர் வணங்கி, எடுத்துத் தழுவிக்கொண்டார்கள். அதுவரை தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்றிருந்த சுந்தரருக்கு, சேரமான் தோழர் என்ற இன்னொரு பெயரும் வந்து சேர்ந்தது.

சந்தித்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை, சேர்ந்து ஊர் சுற்றினார்கள். திருமறைக்காடு போனார்கள், மதுரை போனார்கள், பாண்டிநாட்டுத் தலங்களைப் பார்த்துத் திருவாரூர் திரும்பினார்கள். பிறகு சேரமான் அழைப்பை ஏற்றுச் சுந்தரர் கொடுங்கோளூர் சென்று தங்கினார். இன்றைய சாலைக் கணக்கில் திருவாரூருக்கும் கொடுங்கோளூருக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கிறது. நடையும் பல்லக்குமே கதியாக இருந்த காலத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காக இத்தனை தூரத்தை இருவரும் மாறிமாறிக் கடந்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டு பிடித்துப் போய், அதைப் பாடியவரைத் தேடிப் பயணப்பட்டு, சிநேகிதராகி, பிறகு இருவருமாக ஊர் பார்க்கப் போன இந்தக் கதையில் வாசிப்பும் பயணமும் நட்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. பொதுவாக இவற்றைத் தனித்தனிப் பொழுதுபோக்குகளாக எண்ணும் வழக்கம் இருக்கிறது. புத்தகம் தனிமைக்கு, பயணம் விடுமுறைக்கு, நட்பு மாலை நேரத்துக்கு என்று பிரித்து வைத்துக்கொள்கிறோம். கொங்குநாட்டின் பழைய கதைகளையும் அண்மை வரலாற்றையும் எடுத்துப் பார்த்தால், ஒன்று இருக்கும் இடத்துக்கு மற்ற இரண்டும் தாமாக வந்து சேர்வது தெரியும்.

அவிநாசியில் இருந்து திருப்பூர் போகும் சாலையில் சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் திருமுருகன்பூண்டி இருக்கிறது. சேரமானிடம் விடைபெற்று, அவர் அளித்த பொன்னும் பொருளும் சுமந்த ஆட்களோடு சுந்தரர் திரும்பி வந்தபோது வழிப்பறி நடந்த இடம் இது. சிவபெருமானே தம் பூதகணங்களை வேடர்களாக அனுப்பிப் பறித்தார் என்பது புராணம். சுந்தரர் பூண்டிக் கோயிலுக்குள் போய்ப் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 49வதாக உள்ளது. அதில் கெஞ்சலைவிட உரிமைச் சண்டையே மிகுதி. வழிப்போக்கரைக் கொள்ளையடிக்கிற இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று, தோளில் கைபோட்டுப் பழகியவரிடம் கேட்பதுபோல் கடவுளிடம் கேட்கிறார். அவிநாசிப் பதிகம் அதே திருமுறையில் 92வது. அக்காலத்தில் திருப்புக்கொளியூர் என்று வழங்கிய இந்த ஊரைச் சுந்தரர் தொட்டது சேரமானைத் தேடிப் போன அடுத்த பயணத்தில். ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்களான அவிநாசிக்கும் பூண்டிக்கும் கிடைத்த இரண்டு பதிகங்களும் ஒரே நட்பின் பொருட்டு நடந்த பயணங்களால் வந்தவை.

சுந்தரர் இந்த வழியாகப் போனதில் வியப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய இடைவெளி பாலக்காட்டுப் பக்கம்தான் இருக்கிறது. மலை ஏறாமல் மேலைக் கடற்கரைக்குப் போக நினைப்பவர்கள் கொங்குநாட்டின் நடுவே நடந்தாக வேண்டும். கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர் அருகே ஒரு பாறையில் ராஜகேசரிப் பெருவழி என்று தமிழிலும் வட்டெழுத்திலும் பொறித்த சோழர் காலக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அதற்கும் ஓராயிரம் ஆண்டுகள் முன்பே முசிறித் துறைமுகத்துக்கும் கருவூருக்கும் இடையே வணிகர்கள் இந்தப் பக்கம் போய்வந்தார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் மணிக்கற்கள் செய்த பட்டறைகளும், தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு எழுத்தறிந்த மக்கள் வழிச்சாலை ஒட்டிய ஒரு தொழிலூரில் வாழ்ந்தார்கள் என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. போக்குவரத்து இருந்த இடத்தில் எழுத்தும் இருந்திருக்கிறது.

அவிநாசியில் இருந்து ஈரோட்டுப் பக்கம் நெடுஞ்சாலையில் போனால் வருகிற விஜயமங்கலத்துக்கும் இதே வகையில் ஒரு சிறப்பு உண்டு. சந்திரபிரப தீர்த்தங்கரருக்கு அமைந்த பழைய சமணக் கோயில் அங்கே இருக்கிறது. பெருங்கதை என்னும் காப்பியத்தை எழுதிய கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. குணாட்டியரின் பிருகத்கதை வழியில் வந்த அந்தக் காப்பியத்தின் நாயகன் உதயணன். ஆனால் வாசகர் நெஞ்சில் நிற்பவர்களில் ஒருவன் அவன் தோழனும் அமைச்சனுமான யூகி. உதயணன் உஞ்சை நகரில் சிறைப்பட்டபோது, தான் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு, வேடம் மாறி அந்த ஊருக்குள் புகுந்து நண்பனை மீட்கிறான். முதலும் முடிவும் கிடைக்காத அந்த நூலை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். அவர் பதிப்பித்திராவிட்டால் யூகியின் நட்பைப் பற்றித் தமிழர் பலருக்குத் தெரிந்தே இருக்காது.

சுவடியில் இருந்து அச்சுக்கு வந்த நூல்கள் சாதாரண மக்கள் கைக்குப் போவதற்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் இந்த மண்ணைச் சேர்ந்தவர், அவிநாசி இறைவனின் பெயரையே தாங்கியவர். திருப்பூரில் 1903இல் பிறந்த தி.சு. அவிநாசிலிங்கம் செட்டியார், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில்தான் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்காக வந்த முதல் சட்டம் அது. அதற்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுங்கால உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு ஒரு சிறு தொகையை நூலகத்துக்கென்று தனியே வசூலித்து, அதைக் கொண்டே ஊர்தோறும் நூலகம் நடத்துவது என்பது சட்டத்தின் அடிப்படை. பணக்காரர் யாராவது மனமுவந்து கொடுத்தால்தான் நூலகம் என்றிருந்த நிலையை அந்தச் சட்டம் மாற்றியது.

ரங்கநாதன் காலத்து இன்னொரு நிகழ்ச்சியும் இங்கே சொல்லத்தக்கது. மன்னார்குடி அருகே மேலவாசலில் 1931ஆம் ஆண்டு மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் முன்னின்று நடத்திய அந்த வண்டி, புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனது. ஊருக்குள் வண்டி நிற்கும், படிக்கத் தெரிந்தவர் படிப்பார், தெரியாதவர் சுற்றி உட்கார்ந்து கேட்பார். வாசகர் நூலைத் தேடிப் போக முடியாத காலத்தில் நூலே பயணம் போயிருக்கிறது.

அவிநாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அதன் வழியே தமிழில் முதல் கலைக்களஞ்சியம் உருவானது. அதன் முதன்மை ஆசிரியர் ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன். அவிநாசிலிங்கம் 1930இல் கோவையில் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். சென்னையில் மாணவராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து ‘பித்தன்’ என்னும் இதழை நடத்தியவர். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதும் பட்டத் தேர்வை எழுதாமல் விட்டவர். சுதேசமித்திரனில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடியெடுத்து ‘பாரதி தமிழ்’ என்று தொகுத்தவர். கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவது தொகுதி 1968இல் நிறைவுற்றது. பட்டச் சான்றிதழ் இல்லாத ஒரு கொங்குநாட்டு ஆசிரியரை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பை ஒப்படைக்க, கூடப் பழகி அறிந்த ஒருவரால்தான் முடிந்திருக்கும். தூரனும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்.

நட்பு வாசிப்பைக் காப்பாற்றிய கதைகளில் மனத்தை அதிகம் தொடுவது கோவை ஞானியுடையது. அவிநாசிக்குத் தெற்கே சோமனூரில் 1935இல் பிறந்தவர், இயற்பெயர் பழனிசாமி, தமிழாசிரியர். கோவையில் 1971இல் எழுந்த வானம்பாடிக் கவிதை இயக்கத்தோடு நெருக்கமாக இருந்தார். மார்க்சியத்தையும் தமிழ் மரபையும் சேர்த்துச் சிந்தித்தவர். ஐம்பதைக் கடந்த வயதில் நீரிழிவால் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் படிப்பதையே தொழிலாகவும் இன்பமாகவும் கொண்ட ஒருவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது.

அவர் படிப்பதை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் படித்துக் காட்டினார்கள், அவர் கேட்டார். அவர் சொன்னார், மற்றவர்கள் எழுதினார்கள். ‘நிகழ்’ இதழும் பின்னர் ‘தமிழ் நேயம்’ இதழும் இப்படித் தொடர்ந்து வந்தன. புதிதாக எழுத வந்த பெண்களின் சிறுகதைகளைத் தேடித் தொகுத்தார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2009ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கும் ஐராவதம் மகாதேவனுக்கும் வழங்கியது. 2020 ஜூலையில் அவர் மறைந்தபோது, பார்வை இழந்த பின் மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசகராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்திருந்தார். மற்றவர் கண்களை இரவல் வாங்கிப் படித்த ஆண்டுகள் அவை. படித்துக் காட்ட வந்தவர்களும் சும்மா திரும்பவில்லை. ஒரு பக்கம் படித்துவிட்டு அதைப் பற்றி ஞானியிடம் பேசிவிட்டுப் போவது அவர்களுக்குப் பெரிய படிப்பாக இருந்தது.

ஒரே புத்தகத்தை இருவர் படிக்கும்போது என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை. தனியாகப் படிக்கிறவர் தமக்குப் பிடித்த இடத்தை மட்டும் அடிக்கோடிடுகிறார். நண்பர் வேறொரு வரியைக் காட்டி, இதைக் கவனித்தீர்களா என்று கேட்கும்போது படித்த புத்தகமே புதிதாகிறது. கருத்து மோதல் வந்தாலும் அது புத்தகத்தைப் பற்றியதாக இருப்பதால், டீ குடித்து முடிப்பதற்குள் சமாதானம் ஆகிவிடுகிறது.

கொங்குநாட்டில் இந்த இன்பத்துக்குக் களங்கள் பெருகியிருக்கின்றன. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழாவை நடத்திவருகிறது. பகலில் கடைகளைச் சுற்றியவர்கள் மாலையில் பந்தலில் அமர்ந்து மணிக்கணக்காகச் சொற்பொழிவு கேட்பது அங்கே வழக்கமான காட்சி. கோவையிலும் திருப்பூரிலும் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிகள் நடக்கின்றன. கோவையின் விஜயா பதிப்பகம் புத்தகக் கடையாக இருந்துகொண்டே வாசகர் வட்டம் ஒன்றையும் வளர்த்து, கி. ராஜநாராயணன் பெயரில் விருது வழங்குகிறது.

விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பயணத்தையும் சேர்த்துக்கொண்டது. எழுத்தாளர் ஜெயமோகனின் வாசகர்களும் நண்பர்களும் சேர்ந்து அமைத்த இந்த வட்டம் 2010 முதல் கோவையில் ஆண்டுதோறும் மூத்த படைப்பாளி ஒருவருக்கு விருது வழங்குகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. 2013இல் இலங்கை மலையகத்தின் தெளிவத்தை ஜோசப்புக்கும், 2017இல் மலேசியாவின் சீ. முத்துசாமிக்கும் கிடைத்தது. டிசம்பரில் நடக்கும் விழாவுக்குப் பல ஊர்களில் இருந்தும் வாசகர்கள் பேருந்தும் ரயிலும் பிடித்து வருகிறார்கள். மேடையில் இருப்பவரோடு வாசகர்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு மண்டபத்தோடு முடிவதில்லை, தங்கும் அறைகளில் நள்ளிரவு வரை நீள்கிறது. எழுத்தைப் படித்து, எழுதியவரைப் பார்க்க வழிநடந்து, அங்கே சிநேகிதம் பிடித்துத் திரும்புவது கோவைப் பக்கத்தில் இப்போது ஆண்டு வழக்கமாகிவிட்டது.

இது வெறும் இலக்கியக்காரர்கள் விஷயம் என்று ஒதுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு இருக்கிறது என்றும் சொல்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கி இன்றும் நடத்திவரும் ஆய்வு ஒன்று, முதுமையில் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதற்கு நல்ல உறவுகள் பெரிதும் உதவுகின்றன என்று கண்டிருக்கிறது. திருப்பூர், அவிநாசி வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்ய வெளிமாவட்டங்களிலும் வெளிமாநிலங்களிலும் இருந்து வந்து குடியிருப்போர் ஏராளம். வேலை முடிந்தால் அறை, அறை விட்டால் வேலை என்று வாரம் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையைக் கைபேசியே விழுங்கிவிடுகிறது. அவர்களுக்கு மருந்தாகத் தேவைப்படுவது பேச ஓர் ஆளும், பேசுவதற்கு ஒரு விஷயமும், சேர்ந்து போக ஓர் இடமும்தான்.

இடத்துக்குக் குறைவில்லை. அதிகச் செலவும் ஆகாது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் ஜி.டி. நாயுடு ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய நாளில் இருந்து, கொங்குநாட்டுக்குப் பேருந்து என்பது வீட்டுப் பொருள்போல் பழகிப்போன ஒன்று. அவிநாசியில் காலையில் கோயிலைப் பார்த்துவிட்டு டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பூண்டி. அங்கிருந்து திருப்பூர் வழியாக ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் போனால் நஞ்சராயன் குளம். வலசை வரும் பறவைகள் தங்கும் இந்தக் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம்தான் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டு, 1,045 நீர்நிலைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீர் திருப்பிவிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் கேட்டுப் போராடிய திட்டம் அது. நீர் வந்த குளங்களின் கரையில் நடந்துபோய்ப் பார்ப்பதும் ஒரு நல்ல பயணம்தான். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை விஜயமங்கலத்துக்கும் கொடுமணலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு புத்தகம் இருந்தால் இந்த ஊர்கள் இன்னும் நெருங்கி வரும். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ நாவல், கொங்குக் குடியானவர் வீட்டுப் பேச்சையும் காட்டு வேலையையும் நிலத் தகராறையும் அப்படியே பிடித்து வைத்த முன்னோடி நூல். மிகச் சிறியது, இரண்டு மூன்று மாலைகளில் படித்துவிடலாம். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி, வெளியூரில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைப் புரிந்துகொள்ள உதவும். பெரியபுராணத்தில் கழறிற்றறிவார் புராணத்தையும் வெள்ளானைச் சருக்கத்தையும் உரையோடு படித்தால் சுந்தரரும் சேரமானும் பழகிய கதை முழுவதும் கிடைக்கும்.

இவற்றை எல்லாம் விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். தமிழ்நாட்டில் அது சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. வாடகைக்குக் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அதன் பங்கு மறைந்திருக்கிறது. நூலகத்துக்கான பணத்தை நாம் ஏற்கெனவே கட்டிவிட்டோம், அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்குத்தான் நட்டம். இந்த வாரம் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினராகச் சேருங்கள். போகும்போது தனியாகப் போகாமல், பேசி நாளாகிவிட்ட ஒரு சிநேகிதரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.